பேர் சொல்லாத விறகு

தலைப்பிரசவத்துக்கு நான் பண்ணைப்புரத்தில் பிறந்த வீட்டுக்கு வந்தபோது கொல்லையில் ஒரு சேரா மரம் நின்றது. சேராங்கொட்டை காய்க்குமே, அதுதான். பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். அதன் பேரைச் சொன்னாலே உடம்பு தடிக்கும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

பேரப்பிள்ளை தவழப்போகிற இடத்தில் இது ஆகாது என்று அய்யா வெட்டத் துணிந்தார். கவனமான மனிதர். என்னையும் ஆத்தாவையும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசி, கையில் பழஞ்சாக்கைச் சுற்றிக்கொண்டு வெட்டினார். இலை தழையைக் குழியில் புதைத்தார். கட்டியிருந்த வேட்டியையும் புதைத்தார். எரித்தால் புகை நெஞ்சைப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். மழை விட்டதும் வண்டியில் ஏற்றிக் காட்டுப் பள்ளத்தில் போடலாம் என்று கட்டைகளை மட்டும் வேலியோரம் அடுக்கிவைத்தார்.

அங்கே ஏற்கெனவே புளிய விறகு ஓர் அடுக்கு இருந்தது, என் பேறுகாலத்துக்கென்று. ஆத்தா திரும்பி வந்ததும் அய்யா சொன்னது இவ்வளவுதான்: “வேலியோரம் இருக்க அந்தக் கட்டையத் தொட்டுறாத.”

எந்தக் கட்டை, என்ன மரம் என்று வாயைத் திறந்து சொன்னால் என்ன? நான் பக்கத்தில் இருந்தேனாம். அந்தப் பேர் என் காதில் விழக்கூடாதாம். வெட்டின மரம் அன்றைக்கே காட்டுக்குப் போய்விட்டது என்று ஆத்தாவும் நானும் நினைத்திருந்தோம்.

ஆண் பிள்ளை பிறந்தது. அடைமழை. சேதி சொல்ல அய்யா கடமலைக்குண்டில் என் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். எனக்கு வெந்நீர் வைக்க ஆத்தா விறகு அள்ளிவந்தாள்.

“புளிய விறகு என்னாச்சு?” என்றேன்.

“அதைத் தொடாதன்னு அய்யா சொன்னாக. பேர் வைக்கிற அன்னைக்கு ஆக்கிப்போட எடுத்து வச்சிருப்பாக. இங்கன வேற கட்டை கெடக்குதுல்ல.”

பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று கதவைச் சாத்தி, அறைக்குள்ளேயே அடுப்பை மூட்டினாள். புகை கறுப்பாக எழுந்தது. ஈர விறகு என்று ஊதிக்கொண்டே இருந்தாள். என் கண் எரிந்து இமை வீங்கியது. பிள்ளை இருமத் தொடங்கியதும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அத்தனை சின்ன நெஞ்சு அப்படி இழுத்ததை நான் பார்த்திருக்கவே கூடாது. மறுநாள் பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

அய்யா வந்து நின்றார். “நீங்க சொன்னபடிதான செஞ்சேன், புளியங்கட்டையத் தொடவே இல்லையே” என்றாள் ஆத்தா. இருவர் மேலும் எனக்குக் கொலைவெறி வந்தது.

பால் கட்டி மார் கல்லாகக் கனத்தது. பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். ஆத்தா எங்கோ கெஞ்சிப் பூ வாங்கிவந்தாள். விறகு தொட்ட இரண்டு கையும் கொப்பளித்துத் தோல் உரிந்திருந்தது.

“கிட்ட வராத” என்றேன்.

பூவை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் சேலை நனைந்துகொண்டே இருந்தது. கடைசியில் வலி தாங்காமல் நானே மாராப்பை விலக்கினேன்.

“வந்து கட்டு ஆத்தா” என்றேன்.