பீர் ருசி பார்க்கும் நாற்காலி

நான் பீர் குடித்துச் சம்பளம் வாங்குகிறவள். எங்கள் சபைப் பெண்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. "லேப்ல உக்காந்து எழுதற வேல" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய் இல்லை. உட்காருகிறேன், எழுதுகிறேன். நடுவில் குடிக்கிறேன் என்பதைத்தான் சொல்லவில்லை. யார் பெயரையும் போடாமல் எழுதுவதால் இங்கே சொல்லத் துணிகிறேன்.

பீர் எனக்குப் பிடிக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்றுவரை ஒரு மிடறுகூட அருவருப்பு இல்லாமல் என் தொண்டையில் இறங்கியதில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடம் சோல் ஒட்டும் செக்ஷனில் வேலை பார்த்தேன். அங்கே ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். பத்தாவது படித்தவளுக்கு, அதுவும் நாற்பத்தைந்து வயதுக்கு மேல், வேறு எங்கே வேலை கிடைக்கும்? பீர் கம்பெனியிலிருந்து எங்கள் ஊர் வரை பஸ் வந்தது. ஏறிவிட்டேன். ஒன்றே கால் மணி நேரப் பயணம்.

முதலில் கொடுத்தது பாட்டில் பார்க்கும் வேலை. ஒயின் ஷாப்புகளிலிருந்து காலி பாட்டில்கள் திரும்பி வரும். அவற்றைச் சோடாக் காரம் கலந்த தண்ணீரில் கழுவி மறுபடி நிரப்புவார்கள். கழுவிய பாட்டில்கள் வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் வரிசையாக ஓடும். அழுக்கு இருக்கிற பாட்டிலை எடுத்துத் தள்ள வேண்டும். கழுவிய பிறகும் அவற்றுக்குள் என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொன்னால் சாப்பிடுகிறவர்கள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். பீடித் துண்டு, பான் எச்சில் காய்ந்த சிவப்பு, செத்த பல்லி. ஒருமுறை ஒரு சுண்டெலி, வால் மட்டும் கழுத்துப் பக்கம் நீட்டிக்கொண்டு வந்தது. நான் பாட்டிலைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்த்தேன். அன்று மதியம் கட்டிக்கொண்டு போன தயிர்ச் சோற்றை நாய்க்குப் போட்டேன்.

ஆனால் அருவருப்பைவிடப் பெரிய பிரச்சினை என் கால். எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை. இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொண்டது. சாயங்காலம் செருப்பு நுழையாத அளவுக்குப் பாதம் வீங்கும். டாக்டர் ஒரே வார்த்தையில் சொன்னார்: "நிக்கக் கூடாது." வீட்டுக்காரர் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் என் பாதத்தில் கட்டை விரலை அழுத்திப் பார்ப்பார். குழி விழும். அது மேலே எழும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் லேபில் ருசி பார்க்க ஆள் வேண்டும் என்று கெமிஸ்ட் சார் எங்கள் லைனுக்கு வந்தார். தெற்கே இருந்து வந்த பையன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், எல்லாப் பெண்களையும் அக்கா என்பார். ஆம்பளைகளில் பான் போடாதவன், பீடி பிடிக்காதவன் ஒருவன்கூடக் கிடைக்கவில்லையாம். அவர்களுக்கு நாக்கு செத்துப்போயிருக்கிறது, பெண்கள் யாராவது வருவீர்களா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் வாய் திறக்க வெட்கம். அவர் திரும்பிப் போகும்போது பின்னாலேயே போய் ஒரே கேள்வி கேட்டேன்.

"சார், அது உக்காந்து செய்ற வேலைங்களா?"

"ஆமாக்கா. நாற்காலி இருக்கு."

"அப்ப நான் வர்றேன் சார்."

பேர்ணாம்பட்டிலிருந்து வருகிற இன்னொருத்தியும் சேர்ந்துகொண்டாள். வாய்த் துடுக்கு அதிகம். வயதில் என்னைவிடக் கொஞ்சம் சின்னவள்.

முதல் நாள் மூன்று சின்னக் கிளாஸ்களில் ஊற்றி, மேலே கண்ணாடி மூடி போட்டு வைத்திருந்தார்கள். மூடியை எடுத்து மோந்து, குடித்து, சீட்டில் எழுத வேண்டும். வாயில் வைத்துத் துப்பிவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்காக ஒரு கைக்குட்டைகூடக் கொண்டு போயிருந்தேன். சார் தலையாட்டினார். "கசப்பு தொண்டையிலதாங்க்கா தெரியும். முழுங்கணும்."

கண்ணை மூடி ஜெபம் சொல்லிவிட்டு முழுங்கினேன். மூன்று நாள் புளித்த நீராகாரத்தில் வேப்பங்குச்சியை ஊறப் போட்டு, அதில் யாரோ சோடாவைக் கலந்த மாதிரி இருந்தது. முழுங்கிய பிறகும் முடியவில்லை. வயிற்றிலிருந்து காற்று திரும்பி வந்து மூக்கு வழியாக இன்னொரு தடவை குடிக்க வைத்தது. பேர்ணாம்பட்டுக்காரி கிளாஸைக் கீழே வைத்து, "இன்னா க்கா இது, கழுதை மூத்திரம் மாதிரி கீது! இதுக்கா எங்க வூட்டு ஆளு வாரத்துல ரெண்டு நாள் சண்ட போடுது?" என்றாள். சார் காதில் விழுந்தது. அவர் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

அந்த வாரம் அவர் எங்களுக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்டினார். எது எங்கே எப்படி ஆகிறது என்று தெரிந்தால்தான் நாக்குக்குப் புரியும் என்றார். தெரிந்த பிறகு என் நாக்கு இன்னும் சுருங்கியது. வாசல் சுவரில் பெரிய படம், மரப் பீப்பாய் பக்கத்தில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர். அவர் யார் என்று கேட்டேன். "யாருமில்லக்கா, விளம்பரக் கம்பெனி குடுத்த படம்" என்றார். இந்தக் கட்டடம் முன்பு ரைஸ் மில்லாக இருந்ததாம். பீரில் பார்லியோடு நொய் அரிசி போகிறது, சர்க்கரைப் பாகு போகிறது. கசப்புக்குப் போடுவது கோழித் தீவனம் மாதிரி பச்சைக் குருணை. பெரிய பெரிய டாங்குகளில் அது நுரைத்துப் புளிக்கிறது. மீந்த சக்கையை மாட்டுக்காரர்கள் வண்டியில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அந்தச் சக்கைமேல் ஈ ஒரு போர்வை மாதிரி கிடக்கும்.

மூன்று வகை பீர் விற்கிறார்கள். ஒன்றில் பனிமலைப் படம், ஒன்றில் மான், ஒன்றில் கிரீடம். கிரீடம் மட்டும் போதை ஜாஸ்தி. பனிமலையும் மானும் ஒரே டாங்கிலிருந்து வருகிற ஒரே பீர்தான். லேபிள் மட்டும் வேறு. இது தெரியாமல் பஸ்ஸில் லோடு செக்ஷன் ஆம்பளைகள், மான் தொண்டைக்கு இதம், பனிமலை வாயுவைக் கிளப்பும் என்று வாதாடிக்கொண்டு வருவார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பனிமலையாம். ஜன்னலுக்கு வெளியே இருப்பது மொட்டைப் பாறையும் மணல் எடுத்த பாலாறும்.

சீட்டில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சார் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தைகள் மனதில் நிற்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த வாசனையை எழுதுங்கள் என்றார். நனைந்த அட்டைப் பெட்டி என்று எழுதினேன். கருகிய வெண்ணெய் என்று எழுதினேன். ஒரு நாள் மூடியை எடுத்ததுமே தலை பின்னால் போயிற்று. "சார், இதுல சொல்யூஷன் வாட வருது. நாங்க சோல் ஒட்டுவோமே, அது." சார் மோந்து பார்த்தார், அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "கரெக்ட்டுக்கா! மெஷினே கொஞ்சமாத்தான் காட்டுது!" பதினெட்டு வருடம் அந்தப் பசையைச் சுவாசித்தவளுக்கு மெஷின் எதற்கு? அன்றிலிருந்து அந்த நாற்காலி என்னுடையது என்று ஆயிற்று. கால் வீக்கம் கம்மியானது. வீட்டுக்காரரின் விரல் அழுத்திய குழி சீக்கிரம் மேலே வந்தது.

வீட்டில் என் வாயில் பீர் வாடை வருமே என்று முதலில் பயந்தேன். ஏலக்காய் மென்றுகொண்டு போவேன். பிறகு ஏலக்காயை விட்டுவிட்டேன். அவர் கண்டுபிடிக்கவே இல்லை. அவர் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்பு யார்டில் இருப்பவர். முடி உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பிலும் சல்பைடிலும் ஊறப் போடும் இடம் அது. அவருக்கு எந்த வாசனையும் தெரியாது. குழம்பு தீய்ந்தால்கூட நான்தான் சொல்ல வேண்டும்.

என் மூக்குக்கு எல்லாம் தெரிகிறது என்று நினைத்தேன். அங்கேதான் என் தப்பு.

ஒரு வாரம் கெமிஸ்ட் சாருக்குக் கடுமையான சளி. மூக்கு அடைத்து, பேசினால் தகர டப்பா சத்தம். "நீங்க ரெண்டு பேரும் பாத்து எழுதுங்கக்கா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். புது டாங்க் திறந்திருந்தார்கள். நான் மோந்தேன், குடித்தேன், வழக்கம்போல முகத்தைச் சுளித்தேன். கெட்ட வாசனை என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பேர்ணாம்பட்டுக்காரியும் 'இல்லை' என்றே எழுதினாள். பாட்டிலில் அடைத்து லாரி ஏறிவிட்டது.

பெட்டிகள் அடுத்த வாரமே திரும்ப ஆரம்பித்தன. குடித்தவர்கள் அழுகிய முட்டை நாற்றம் என்று கடைக்காரன் முகத்திலேயே ஊற்றப் போனார்களாம். மேனேஜர் லேபுக்குள் வந்து ஒரு பாட்டிலைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இன்னாம்மா, இது நாறலையா உனக்கு?"

நான் மோந்தேன். மறுபடி மோந்தேன். "பீர் நாத்தந்தான் சார் வருது" என்றேன். சத்தியமாக எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டு பேரையும் லைனுக்கு அனுப்புப்பா" என்று சாரிடம் சொல்லிவிட்டு மேனேஜர் போனார். காலைத்தான் குனிந்து பார்த்தேன்.

கெமிஸ்ட் சார் அந்தப் பாட்டிலை எடுத்துத் தானும் மோந்து பார்த்தார். பிறகு, "அக்கா, ரெண்டு பேருக்கும் எந்த ஊரு?" என்று கேட்டார். அவருக்கு முன்பே தெரியும். பேர்ணாம்பட்டு, ஆம்பூர் என்று சொன்னோம். தலையில் அடித்துக்கொண்டார். பீரில் வந்திருப்பது சல்பைடு. புளிக்கவைக்கிற ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் அது வரும். டேனரிகளால் எங்கள் ஊர்க் காற்றில் அது எப்போதும் இருக்கிறது. பிறந்ததிலிருந்து மூக்கில் ஏறிக்கொண்டே இருப்பதை மூக்கு வாசனையாகவே எடுத்துக்கொள்வதில்லை என்றார். "தப்பு என் மேலதான். ரெண்டு தோல் ஊர்க்காரங்கள நம்பி சல்பைடு பாக்க விட்டிருக்கேன்."

மேனேஜரிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினார். எலக்ட்ரீஷியனிடமிருந்து ஒரு செம்புக் கம்பி வாங்கிச் சுரண்டிப் பளபளப்பாக்கினார். திரும்பி வந்த பீரை இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றில் கம்பியைப் போட்டுக் கலக்கி எடுத்தார். செம்பு அந்த நாற்றத்தைத் தின்றுவிடுமாம். எந்தக் கிளாஸ் நாறுகிறது, எது நாறவில்லை என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

முதல் நாள் தெரியவில்லை. இரண்டாம் நாள் குருட்டாம்போக்கில் ஒன்றைக் காட்டினேன், தப்பு. பேர்ணாம்பட்டுக்காரி எழுந்துகொண்டாள். "எனக்கு வேணாம் சார் இந்த பேஜாரு. நின்னுக்கினே பல்லி பாக்கறேன், அது கண்ணுக்காவது தெரியுது." என் தோளைத் தட்டிவிட்டு லைனுக்குப் போய்விட்டாள். அவளுக்குக் கால் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாளும் தப்பு. சார் யோசித்துவிட்டு, காலையில் ஊர் நாற்றத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பார்க்க வேண்டாம், சாயங்காலம் நாலு மணிக்குப் பாருங்கள் என்றார். அதுவரை மூக்கு காலியாகட்டும் என்று தோட்டத்துப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். நாலு நாள் அப்படி உட்கார்ந்தேன். நாலு நாளும் வெதுவெதுப்பான, நுரை செத்த, திரும்பி வந்த அந்தப் பீரையே குடித்தேன். நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முழுங்கினேன்.

ஏழாம் நாள், அதுதான் கடைசி நாள். இடது கிளாஸை மோந்தேன். வெறும் பீர். வலது கிளாஸை மூக்குக்குக் கொண்டு போனேன். மறுபடி மோந்தேன். கிளாஸுக்குள் எங்கள் தெரு இருந்தது. சாக்கடை, யார்டுச் சுவர், கொடியில் காயும் அவர் சட்டை.

"என்னக்கா?"

"சார், இதுலதான். இதுல எங்க வூடு இருக்குது சார்."

அவர் கிளாஸுக்கடியில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தார். இன்னும் ஐந்து தடவை மாற்றி மாற்றி வைத்தார். ஐந்தும் சரி. மேனேஜரைக் கூட்டிவந்து அவர் முன்னாலும் செய்யச் சொன்னார். மேனேஜர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நாற்காலி என்னிடமே நிலைத்தது.

அன்று சாயங்காலம் பஸ் விரிஞ்சிபுரம் தாண்டும்வரை நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆம்பூர் நெருங்க நெருங்க யாரோ ஈரத் துணியால் என் முகத்தை மூடியது போல இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தேன். ஒருவரும் மூக்கைத் தொடவில்லை. ஒருத்தி மிக்சர் தின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினேன். நாற்பத்தைந்து வருடம் நடந்த தெருவில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். வீட்டுக் கதவைத் திறந்தேன். தலையணையில் இருந்தது, பாத்திரத்தில் இருந்தது, குடத்துத் தண்ணீரில் இருந்தது. பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

அவர் வேலையிலிருந்து வந்து பின்னாலேயே நின்றார். "இன்னா, குடிச்சிட்டு வந்தவ மாதிரி வாந்தி எடுக்கிற?" என்று சிரித்தார். சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். வாய் கொப்பளித்தேன். அதே தண்ணீர். அவர் பார்த்துக்கொண்டு நின்றதால் மிச்சத்தைக் குடித்தேன்.

பிறகு என்னைப் படியில் உட்கார வைத்து, வழக்கம்போலக் காலடியில் குனிந்து பாதத்தில் விரலை அழுத்தினார். குழி விழவில்லை. இன்னொரு இடத்தில் அழுத்தினார், அங்கேயும் விழவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, உக்கார்ற வேல எப்டி கீது! வுட்டுடாத அத."

"வுடல" என்றேன். அவர் தலை என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் எழுந்து போகும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.