தின்னர் தொட்ட கூரை

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட அவர் கண் சும்மா இருக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்வையில் குளித்து, மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்த மனிதர், வண்டியின் பின்கதவைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற மச்சானிடம் திணறித் திணறிச் சொன்னார்.

"இந்தக் கதவுல எவனோ ஒடுக்கு எடுக்காமலே பட்டி பூசி மூடியிருக்கான்டா."

மச்சான் ஆஸ்பத்திரி வரைக்கும் அழுதுகொண்டே சிரித்தான்.

அப்படிப்பட்டவருக்கு 'ஒடுக்கு' என்று பட்டப்பெயர் விழுந்ததில் ஆச்சரியம் என்ன? அடிபட்டு வரும் கார்களின் தகரத்தில் விழுந்த ஒடுக்கைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் அவர். தெருவில் பெரியவர்களுக்கு ஒடுக்கு, சின்னவர்களுக்கு ஒடுக்கண்ணன், மனைவிக்கு மட்டும் 'என்னங்க'. கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலில் நிற்கும் கார்களைப் பார்ப்பார். துக்க வீட்டிலும் அதே கதைதான்.

ஆபரேஷன் முடிந்து கண் திறந்தபோது டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். தண்ணீர்ச் செம்பைவிடக் கனமான எதையும் கொஞ்ச நாளைக்குத் தூக்கக் கூடாது. பெரிய சுத்தியலை இனி எப்போதுமே தூக்கக் கூடாது.

"அப்ப நான் என்ன பண்றது டாக்டர்?"

"உட்காருங்க."

ஒடுக்கண்ணனுக்கு வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேலையை யாரும் கொடுத்ததில்லை.

வீடு சின்னது. முன்னறையில் ஒரே ஒரு மேஜை. அதன் ஒரு முனையில் மனைவியின் தையல் மெஷின். பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுப்பாள். மறுமுனையில் இப்போது அவர். உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் அவர் கால் ஆட ஆரம்பித்துவிடும். கால் ஆடினால் மேஜை ஆடும். மேஜை ஆடினால் யாரோ ஒரு பிள்ளையின் சட்டைக் காலர் கோணிக்கொள்ளும்.

"காலை நிறுத்துங்க. இன்னொரு காலர் போச்சு."

"நானா ஆட்டுறேன்? அதுவா ஆடுது."

"அதுவா ஆடினா கழட்டி அந்த மூலையில வைங்க."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போவார். ஜன்னலிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து சமையலறைக்கு. டப்பாக்களைத் திறந்து பார்த்து மூடுவார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடுவார். ஒழுகாத குழாயைச் சரிபார்க்கிறேன் என்று பிரித்து ஒழுக வைத்தார். மனைவி ஸ்பானரை எடுத்துக்கொண்டுபோய்த் துணிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

பட்டறை இரண்டு தெரு தள்ளி. இப்போது மச்சான் அதைப் பார்த்துக்கொண்டான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் சுத்தியல் சத்தம் வீட்டுக்குள் வரும். ஒடுக்கண்ணன் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திக் காதைக் கொடுப்பார்.

"உள்ள முட்டுக் கொடுக்காம அடிக்கிறான் உன் தம்பி. தகரம் கிழியப்போகுது."

அவள் எழுந்துபோய், முடிக்க வேண்டிய சட்டை எதுவும் இல்லாவிட்டாலும் மெஷினை வேகமாக ஓட்டுவாள். அந்தச் சத்தத்தை இந்தச் சத்தத்தால் மூடிவிட முடியுமா? அவளுக்கும் தெரியும், முடியாது என்று. ஆனால் அவளுக்கு அந்தச் சுத்தியல் ஒவ்வொரு தடவை விழும்போதும் அவர் நெஞ்சின் மேல்தான் விழுந்தது.

"பட்டறை வாசல்ல கால் வெச்சீங்கன்னா, வீட்டு வாசல்ல என்னைப் பாக்க மாட்டீங்க" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அவளுடைய கோபம் பட்டறை மேல் அல்ல, அதன் பின்பக்கம் கிடந்த ஒரு பழைய காரின் கூட்டின் மேல். எஞ்சின் இல்லை, கண்ணாடி இல்லை, துருப்பிடித்த இரண்டு கதவும் ஒரு கூரையும் மட்டும். கல்யாணமான புதிதில் அதை எங்கிருந்தோ இழுத்து வந்தார். இதை 'ஹாட் ராட்' ஆக்கப்போகிறேன் என்றார். அது என்ன என்று அவள் கேட்டதற்கு ஒரு பழைய பத்திரிகைப் படத்தைக் காட்டினார். மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, பெரிய எஞ்சினை மூடி இல்லாமல் வெளியே காட்டிக்கொண்டு, நிற்கும்போதே ஓடுவதுபோல இருந்த வண்டி. "உன்னை இதுல ஏத்திட்டுப் போறேன் பாரு" என்றார்.

மகள் பிறந்து, படித்து, கல்யாணம் கட்டிக்கொண்டு வெளியூர் போயும்விட்டாள். கூடு அங்கேயே கிடந்தது. ஊரார் வண்டிகளின் ஒடுக்கை எடுத்த கைக்குச் சொந்த வண்டிக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனாலும் தினமும் மாலையில் அதன் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத்தான் வீடு திரும்புவார். "சக்களத்தி என்ன சொல்றா?" என்று மனைவி கேட்பாள். கடைசியில் ஒருநாள் நிஜமாகவே கூரையில் கோடு கிழித்து வெட்ட ஆரம்பித்தார். கூரையைத் தாங்கும் முன்தூணை வெட்டி, கூரையைத் தோளால் முட்டித் தூக்கியபோதுதான் நெஞ்சு பிடித்துக்கொண்டது.

இந்த நிலையில்தான் மகளிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டினால் ஒரு பழைய இரண்டு கதவு கார் வரும், நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. போனில் மகள் சொன்னாள்.

"அப்பா, உன் ஹாட் ராடை இதுல பண்ணு. வெட்டு, தாழ்த்து, என்ன வேணா பண்ணு. உட்கார்ந்துட்டுப் பண்ணு."

"நான் என்ன பால்குடிப் பிள்ளையாம்மா? பொம்மை அனுப்பியிருக்க."

"பிள்ளைன்னா சொன்ன பேச்சு கேக்குமே."

இரண்டு நாள் பெட்டியைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், துண்டு எப்படி வார்த்திருக்கிறான் பார்ப்போம் என்று திறந்தவர் மூடவில்லை.

அவர் விரல்கள் வாழைக்காய் கனம். கடுகளவு விளக்கு விரலில் ஒட்டிக்கொண்டது, வண்டியில் ஒட்டவில்லை. பசை காயும்வரை பொறுக்க மாட்டார். தொட்டுப் பார்ப்பார், சக்கரம் கழன்று கையோடு வரும். "கொஞ்சம் விட்டுத்தான் வைங்களேன்" என்பாள் மனைவி. விட்டு வைக்கத் தெரிந்திருந்தால் அவர் ஏன் ஒடுக்கண்ணன்? ஆனால் மெல்ல மெல்லப் பிடிபட்டது. காலியான பேனா ரீஃபில்களை நெருப்பில் வாட்டி வளைத்துப் புகைக்குழாய் செய்தார். மனைவியின் கறுப்பு நூல் எஞ்சின் ஒயராகியது. மட்கார்டுகளைப் பெட்டியிலேயே போட்டு மூடினார்.

பிறகு கூரை. பிளேடால் நான்கு தூண்களிலும் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கூரையை இறக்கினால், மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரவில்லை. தூண்கள் சாய்வாக இருப்பதால் இறக்க இறக்கக் கூரை நீளம் போதாமல் போகிறது.

"அட" என்றார் சத்தமாக. "அங்கயும் இதுதான் ஆகியிருக்கும். கூரையைக் குறுக்கால வெட்டி நடுவுல ஒரு பட்டை சேக்கணும்."

அங்கே என்று அவர் சொன்னது எங்கே என்று அவளுக்குப் புரிந்தது. ஊசியை நிறுத்தினாள். அவரோ குனிந்தபடி பட்டை அறுத்துக்கொண்டிருந்தார். மேஜை ஆடவில்லை. வெகுநேரமாகவே ஆடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். கண் நிறைந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் காலரைத் திருப்பித் தைத்தாள்.

பட்டை சேர்த்து, பட்டி பூசி, தேய்த்துத் தேய்த்து, கூரை கையில் வழுக்கியது. வண்ணம்தான் பாக்கி. மச்சான் பட்டறையிலிருந்து மிச்சமிருந்த கறுப்புப் பெயிண்டும் அதைக் கரைக்கிற தின்னர் ஒரு பாட்டிலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

பெயிண்ட் அடிக்கும் முன் தகரத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைப்பது டிங்கரின் முதல் பாடம். ஒரு விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் பெயிண்ட் உரிந்துவிடும். ஆயிரம் வண்டிகளைத் துடைத்த கை அது. மூளையைக் கேட்டுக்கொண்டா செய்யும்? துணியை நனைத்தது, கூரையில் அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தது.

தகரம் தாங்கும். பிளாஸ்டிக் தாங்குமா?

விரலுக்கடியில் கூரை கொழகொழத்தது. பதறிக் கையை எடுத்தால் துணியும் கூடவே வந்தது, நூல் நூலாக. இடதுபக்கக் கூரை வெயிலில் வைத்த மெழுகுபோலச் சுருங்கி உள்ளே குழிந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மனைவி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது அறை முழுக்கத் தின்னர் நாற்றம். நாற்காலி காலி. வாசல் கதவு திறந்து கிடந்தது.

சாப்பாட்டு வேளை. பட்டறையில் யாருமில்லை. ஒடுக்கண்ணன் யாரையும் தேடவும் இல்லை. பொம்மைகூடக் கைக்கு அடங்கவில்லை என்றால் இந்தக் கை எதற்கு? நேராக உள்ளே போனார். சுவரில் மாட்டியிருந்த பெரிய சுத்தியலை எடுத்தார். பின்பக்கம் போய்க் கூட்டின் முன்னால் நின்றார். பாதி வெட்டிய கூரை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. ஓங்கி ஓர் அடி அடித்தார்.

துரு பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்த அடிக்குத் தூக்கியபோது, நெஞ்சுக்குள்ளே இன்னொரு சுத்தியல் கிடந்து அடித்தது. ஒன்று, அவசரமாக இன்னொன்று, பிறகு ஒன்று வர வேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. சுத்தியல் தோளுயரத்தில் நின்றுவிட்டது. இறக்கவும் தெரியவில்லை, அடிக்கவும் தெரியவில்லை.

"ஏன் நின்னுட்டீங்க? அடிங்க."

திரும்பினார். மனைவி. மூச்சு வாங்கியது. ஒரு காலில் அவள் செருப்பு, மறுகாலில் அவருடையது. கையில் அந்த உருகிய கார்.

"அடிங்க. நான் நின்னு பாக்குறேன். நீங்க விழுந்தா போன் பண்ண ஒரு ஆள் வேணுமே."

அவர் சுத்தியலை இறக்கினார்.

"பயமா இருக்கு" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அவர் அதைச் சொல்லவில்லை. எத்தனை திட்டு தயாராக வைத்துக்கொண்டு ஓடிவந்தாளோ, அத்தனையும் மறந்துபோயின.

"எனக்கு மட்டும்தான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

சுத்தியலை அவர் கையிலிருந்து வாங்கினாள். வாங்கிய வேகத்தில் அதன் கனம் அவளையே முன்னால் இழுத்தது. தரையில் போட்டாள். கவிழ்ந்து கிடந்த ஒரு டின்னில் அவரை உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நெஞ்சு மெல்ல மெல்ல வழிக்கு வந்தது.

சாப்பிட்டுத் திரும்பிய மச்சான் இருவரையும் பார்த்து வாசலிலேயே நின்றான்.

"மாமா, நீங்க எப்படி..."

"மச்சான், இந்தக் கூட்டை எடைக்குப் போட்டுடு" என்றார் ஒடுக்கண்ணன். குரல் கம்மியிருந்தது. "இடத்தை அடைக்குதுன்னு சொல்லிட்டே இருப்பியே. நாளைக்கே போட்டுடு."

மச்சான் அக்காவைப் பார்த்தான். இதைத்தானே அவள் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்?

"யாரைக் கேட்டுப் போடுவ?" என்றாள் அவள். "சக்களத்தியை எடைக்குப் போட்டுட்டா நான் தினமும் யாரைத் திட்டுறது? உன் பொண்டாட்டியையா?"

"அக்கா, என்னை எதுக்கு நடுவுல இழுக்குற?"

அவள் உருகிய காரை அவர் மடியில் வைத்தாள். ஒடுக்கண்ணன் அதைப் பார்க்க மாட்டேன் என்பதுபோல முகத்தைத் திருப்பினார். பிறகு பார்த்தார். கைதான் முதலில் போனது. குழிந்த இடத்தை விரலால் தடவினார். காய்ந்து இறுகியிருந்தது.

"இது அடிபட்ட வண்டி" என்றார் மெதுவாக. "உள்ள ஒரு கரண்டியைச் சூடு பண்ணி வெச்சு, மேல தட்டித் தட்டி..." நிறுத்தினார். "எவ்வளவு தூக்கணும்னு அளவு வேணும். பெட்டிக்காரன் அளவு நமக்கு எதுக்கு? நம்ம கார் இங்க நிக்குதே."

"நம்ம காரா?" என்றாள் அவள்.

அவர் காது சிவந்தது.

"சரி, அளக்கலாம். ஆனா ஒண்ணு. இங்க வரும்போது நானும் வருவேன். தொடுறது பென்சிலும் டேப்பும்தான். வேற எதுலயாவது கை போச்சுன்னா, இந்தக் காரையும் உங்களையும் சேத்து எடைக்குப் போட்டுடுவேன்."

"மாமாவுக்கு எடை பத்தாதுக்கா" என்றான் மச்சான். "ஆஸ்பத்திரியில இளைச்சுட்டார்."

அவனே டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒடுக்கண்ணன் ஒரு முனையைக் கதவின் மேல்விளிம்பில் வைத்தார். மறுமுனையோடு அவள் காரைச் சுற்றிக்கொண்டு போனாள். பின்தூணின் துரு முந்தானையில் ஒட்டியது. திட்டிக்கொண்டே தட்டினாள், போகவில்லை.

"இன்னும் மேல. இல்ல, கொஞ்சம் கீழ. ஆட்டாத."

"ஆடுறது உங்க கை."

அவர் பென்சிலால் கூரையில் ஒரு புள்ளி வைத்தார். அந்த நேரத்தில் அவர் கண் மட்டும் மெல்ல நழுவி, தரையில் கிடந்த சுத்தியலைத் தேடிப் போனது. காலும் ஆட ஆரம்பித்தது.

அந்தப் பக்கத்திலிருந்து அவள் டேப்பை வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தாள்.

"நம்பரைப் படிங்க."

அவர் குனிந்து படித்தார்.