மறதி டாக்டரும் புருஷன் பேரும்

போன வாரம் எனக்கு ஒரு பரீட்சை நடந்தது. இந்த வயதில் என்ன பரீட்சை என்று கேட்காதீர்கள். நடத்தியவர் என் சிநேகிதர் டாக்டர் செல்லத்துரை. "குடை, கதிரை, வாழைப்பழம்... இந்த மூண்டையும் மனசில வையும்" என்றார். பிறகு மழை, ரப்பர் விலை, என் மூட்டுவலி என்று ஏதேதோ பேசிவிட்டு, திடீரென்று, "இப்ப சொல்லும் பாப்பம்!" என்றார்.

எனக்குக் குடையும் நாற்காலியும் போய், வாழைப்பழம் மட்டும்தான் ஞாபகம் வந்தது. பசி நேரம்!

"மறதி தொடங்கிட்டுது, ஐசே" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு எல்லோருமே 'ஐசே'தான். இப்படியும் ஒரு சிநேகிதர்.

மலாக்கா டவுனில் இருக்கும் வாசகர்களுக்கு இவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். தகப்பனார் ரயில்வே கிளார்க்காக இங்கே வந்தவர். மகன் சீமைக்குப் போய் டாக்டர் படித்தார். திரும்பி வந்து காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து கொடுத்திருந்தால் இந்நேரம் ஒரு பங்களா கட்டியிருக்கலாம். இவரோ மூளையைப் பிடித்துக்கொண்டார். வயதாகும்போது ஞாபகம் எப்படிப் போகிறது, அதோடு சேர்ந்து பேச்சு எப்படிப் போகிறது – இதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. அவர் வீட்டு அலமாரியில், கண்ணாடி ஜாடிக்குள், நிஜ மூளை ஒன்று மிதக்கிறது. முதல் தடவை பார்த்தபோது ஊறுகாய் என்று நினைத்துவிட்டேன். நல்ல வேளை, கேட்டு வாங்கவில்லை.

ஊரில் அவருக்கு 'மறதி டாக்டர்' என்று பெயர். தொழிலில் ஒரே ஒரு சங்கடம் – வரச் சொன்ன நோயாளிகள் வர மறந்துவிடுகிறார்கள்! அதனால் அவரே காரை எடுத்துக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகிறார். கூடவே என்னையும் இழுத்துக்கொண்டு போவார். காரணம், அவருடைய யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டுவிட்டு, அது மலையாளம் என்று சத்தியம் செய்கிறவர்கள் எஸ்டேட் லயங்களில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், உண்டு.

பல வருஷமாகக் கிழவர் கிழவிகளோடு பேசிப் பேசி அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மறதி வந்தால் முதலில் போவது பெயர்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயர், அப்புறம் சாமான்களின் பெயர். கடைசி வரைக்கும் தாக்குப்பிடிப்பது வசவு. இதைத்தான் பெரிய புத்தகமாக எழுதிச் சீமைக்கு அனுப்புவதாக இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து மாரியாயியின் சேதி வந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டியே கிழவியானவர். ஒரு நாள் காலையில் கையில் துடைப்பத்தோடு நேராக வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குள் நுழைந்து, படுக்கையில் கிடந்த துரைசாணியைத் தட்டி எழுப்பி, "வெயிலு ஏறிப் போச்சு, பொம்பளைக்கு இன்னும் என்ன தூக்கம்?" என்று கேட்டிருக்கிறார். என்னைக் கேட்டால் நியாயமான கேள்விதான். துரைக்கு அப்படிப் படவில்லை. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார். அங்கே போன லயத்து ஆள் எவரும் திரும்பி வந்ததில்லை.

புருஷன் பழனியாண்டி, ரப்பர் ஷீட்டைப் புகையில் காய வைக்கும் கொட்டகையில் வேலை செய்கிறவர். துரையின் காலில் விழுந்து, "டாக்டரு ஒரு வார்த்த சொல்லட்டும், தொரை. அதுக்கப்புறம் அனுப்புங்க" என்று கெஞ்சியிருக்கிறார். துரையும் சரி என்றாராம். ஆக, டாக்டர் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில்தான் கிழவியின் கதி இருந்தது.

இது மழைக்காலத்துக்கு முன்னால் நடந்தது. நாங்கள் போனபோது லயமே கூடி நின்றது. டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"இண்டைக்கு என்ன நாள், அம்மா?"

"அரிசி போட்ட மறுநாளு" என்றார் மாரியாயி. சரியான பதில், முந்தின நாள்தான் ரேஷன் அரிசி அளந்திருந்தார்கள். எஸ்டேட்டில் வேறு என்ன காலண்டர் இருக்கிறது?

"உங்கட மனுசன்ர பேர் என்ன?"

கிழவி தலையைக் குனிந்துகொண்டு, கால் பெருவிரலால் மண்ணைக் கிளறினார். டாக்டர் இன்னொரு தரம் கேட்டார். முந்தானை வாய்க்குப் போனது. டாக்டரின் முகத்தில் ஒரு பிரகாசம். முதலில் போவது பெயர் – அவருடைய புத்தகம் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது அல்லவா! எழுதத் தொடங்கிவிட்டார்.

"டாக்டர், கொஞ்சம் பொறுங்கள். அந்தம்மாவுக்குப் பெயர் தெரியாமல் இல்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது!" என்று குறுக்கிட்டேன்.

"ஏன்? என்ர மனுசி ஒரு நாளைக்கு நூறு தரம் என்ர பேரைச் சொல்லுறாவே!"

"அது உங்கள் தலையெழுத்து" என்றேன்.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "அக்கா, ஜாடையாவது காட்டுலா! டாக்டரையா என்னமோ எழுதுறாரு" என்று கத்தினாள். மாரியாயி யோசித்தார். புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தார். "பழனி மல மேல கோமணத்தோட நிக்கிறாருல்ல... அவரு பேருதான்" என்றார். லயமே சிரித்தது. பழனியாண்டிக்கு முகமெல்லாம் வெட்கம். டாக்டரும் சிரித்துவிட்டு, எழுதியதை அடித்தார். கிழவியை எங்கும் அனுப்பத் தேவையில்லை, கொஞ்ச நாள் கழித்து வந்து பார்க்கிறேன் என்று துரையிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

அந்தக் 'கொஞ்ச நாள்' போன வாரம் வந்தது. எனக்கு வாழைப்பழப் பரீட்சை நடந்ததே, அது அங்கே போகிற வழியில்தான்.

இந்தத் தடவை மாரியாயி வாசலில் தலை வாராமல் உட்கார்ந்திருந்தார். பழனியாண்டி பக்கத்துப் படியில் நின்றார். அதே பெண்கள், அதே கூட்டம். டாக்டர் சிரித்துக்கொண்டே, "உங்கட மனுசன்ர பேர் என்னம்மா?" என்று கேட்டார். கோவணத்துக்காக எல்லோரும் காத்திருந்தோம்.

"பழனியாண்டி!" என்றார் கிழவி. சத்தமாக. "பழனியாண்டிதான், வேற யாரு?"

"பாத்தீரோ, ஐசே! முன்னேற்றம்! எவ்வளவு வடிவாச் சொல்லுறா!" என்று என் முதுகில் தட்டினார் டாக்டர்.

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "போயிருச்சே... எங்கக்கா போயிருச்சே" என்று அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் அழத் தொடங்கினாள். பழனியாண்டி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் வராத பெயர்!

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பழனியாண்டி பக்கம் கண்ணைக் காட்டினேன். மனிதர் கெட்டிக்காரர், புரிந்துகொண்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "பேர் நிக்குது. அதைச் சொல்லக் கூடாதெண்ட நினைப்புத்தான் போயிட்டுது" என்றார் மெதுவாக. பாவம், அவருடைய பல வருஷத்து முடிவும் அதோடு போய்விட்டது.

இந்த நேரம் பார்த்துத்தானா துரை வர வேண்டும்! நாய் முன்னால் வர, பைப்பைக் கடித்தபடி பின்னால் வந்தார். "என்ன டாக்டர், இவளுக்குப் புருஷன் பெயராவது தெரிகிறதா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

உள்ளதைச் சொன்னால் கிழவிக்கு ஆஸ்பத்திரிதான். டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக் கோயிலுக்குப் போகிறவர்.

"போன தடவை சொல்லத் தயங்கினார். இந்தத் தடவை கேட்டவுடனே சொல்லிவிட்டார், சத்தமாக. லயம் முழுக்கச் சாட்சி" என்றார் டாக்டர்.

இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? சொல்லுங்கள்! துரைக்கு ரொம்பத் திருப்தி. "வெரி குட். இங்கேயே இருக்கட்டும். பங்களாப் பக்கம் மட்டும் விடாதே" என்று பழனியாண்டியிடம் விரலை ஆட்டிவிட்டுப் போனார். பழனியாண்டிக்கு இங்கிலீஷும் புரியவில்லை, விரலும் புரியவில்லை. டாக்டர் குனிந்து, "அவ இங்கதான் இருப்பா. ஒருத்தரும் கொண்டு போகாயினம்" என்றார். பெரியவர் டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் மாரியாயி அவரைத் திரும்பிப் பார்த்தார். நன்றாக உற்றுப் பார்த்தார். "தம்பி, இந்தப் பழனியாண்டிய எங்கயாச்சும் பாத்தியா? கஞ்சி ஆறிப் போவுது..." என்று கேட்டார்.

கேட்டது யாரை? பழனியாண்டியையே!

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வருவான் தாயி. இப்ப வந்துருவான். நீ மொதல்ல சாப்புடு" என்றார்.

எதற்கெடுத்தாலும் நக்கல் அடிக்கிற ஆள் நான். அன்றைக்குத் திரும்பிக் கார்ப் பக்கம் நடந்தேன்.

கார் செங் ஊரைத் தாண்டியது. அப்புறம் டாக்டர், "எல்லாத்தையும் திருப்பி எழுதோணும்" என்றார். சீமைக்காரனுக்கு இதை எப்படிப் புரியவைப்பீர்கள் என்று கேட்டேன். "அதுதான் பிரச்சினை. அங்க பெண்டுகள் எல்லாரும் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகினம்" என்றார். அப்படியானால் அந்த நாட்டுக்கே வியாதி முற்றிவிட்டதா என்று கேட்டேன். அப்போதுதான் மனிதர் கொஞ்சம் சிரித்தார்.

என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அடுக்களையிலிருந்து வீட்டம்மாளின் சத்தம்: "இந்தாங்க! ஒங்களத்தான்! காது கேக்கலையா?"

மற்ற நாளாக இருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அன்றைக்கு, இன்னொரு தடவை அப்படிக் கூப்பிட மாட்டாளா என்று வாய் திறக்காமல் வாசலிலேயே நின்றேன்.