நாமக்கட்டியில் பெட்ரோல் எடுத்த காஸ்பர்

காஸ்பரைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. சாந்தோம் கோயில் பங்குப் புத்தகத்தில் அவருடைய ஞானஸ்நானமும் கல்யாணமும் பதிவாகியிருக்கும். அதற்குமேல் அவருக்காக மையைச் செலவழிக்க ஒருவருக்கும் மனசு வராது. டாக்டர் கருணாகரனைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. போன மாதம்கூட ஒரு பத்திரிகை அவர் படத்தைப் போட்டு, யுத்த காலத்தில் தேசத்துக்கு எரிபொருள் தேடிய மேதை என்று எழுதியிருந்தது. படத்தில் மேதை ஒரு சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழாய் தலைகீழாக இருந்ததைப் பத்திரிகைக்காரனும் கவனிக்கவில்லை, மேதையும் கவனிக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ராஜநாயகம். டாக்டரின் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தவன். காஸ்பர் எனக்கு உறவில்லை. ஒரே பங்கு, ஒரே தெரு, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எட்டாவதோடு படிப்பை விட்டவர். தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் ரசாயன லேபரட்டரியில் பத்தொன்பது வருஷம் அட்டெண்டர். மாணவர்கள் உடைத்த கண்ணாடியைக் கூட்டுவார், ஆசிட் அளந்து ஊற்றுவார். புரொபசருக்குச் சோதனை தப்பாக வந்தால், அவர் காபி குடிக்கப் போன நேரத்தில் சரிசெய்து வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல மூலையில் நிற்பார். இந்தக் கெட்ட பழக்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஓடிய பட்டணம் திரும்பி வந்துவிட்டது, பெட்ரோல்தான் வரவில்லை. பஸ்கள் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே போயின. அப்போது, காஸ்பரின் கல்லூரியில் ஒரு கொட்டகையை ஆராய்ச்சிக்கு இரவல் வாங்கியிருந்த, லண்டன் பட்டம் பெற்ற டாக்டர் கருணாகரனுக்கு ஒரு யோசனை உதித்தது. பஸ் ஷெட்டுகளில் வடித்துக் கொட்டும் கறுப்பு எண்ணெயை ஆவியாக்கி, சூடான ஒரு பொருளின்மேல் விட்டால் அது உடைந்து பெட்ரோலாகும். அந்தப் பொருளுக்கு வினையூக்கி என்று பெயர். தான் தீர்ந்துபோகாமல், பக்கத்தில் இருந்தபடியே காரியத்தை நடத்திக்கொடுக்கும். அமெரிக்காவில் அதை ஏதோ களிமண்ணில் செய்கிறார்கள் என்று டாக்டர் ஒரு சஞ்சிகையில் படித்திருந்தார். எந்தக் களிமண், என்ன பக்குவம் என்று சஞ்சிகை சொல்லவில்லை. டாக்டரும் அதற்குமேல் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அதற்குத்தான் காஸ்பர் இருந்தாரே.

காஸ்பர் பதினொரு வகை மண்ணைச் சோதித்தார். அடையாற்றுச் சேறு, குயவர் மண், அன்வர் பாஷா கடையின் முல்தானி மட்டி, எல்லாம் பார்த்து முடித்துக் கடைசியில் மயிலாப்பூர் மாடவீதியில் நாமக்கட்டி வாங்கப் போனார். நெற்றியில் இட்டுக்கொள்கிற அதே வெள்ளை நாமக்கட்டிதான். அரை மூட்டை கேட்டதும் கடைக்காரர் ஐயங்கார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாராம்.

"என்ன காஸ்பர், எங்க பக்கம் வந்துட்டேளா? உங்க ஃபாதருக்குத் தெரியுமோ?"

"வேலைக்கு வேணும் சாமி."

"அரை மூட்டையா? ஊருக்கே நாமம் போடப்போறேளா என்ன?" என்றார் கடைக்காரர்.

அதை ஆசிட்டில் வேகவைத்து, ஆசிட் போகும்வரை கழுவி, பிசைந்து, அச்சில் பிழிந்து, நறுக்கிச் சுட வேண்டும். அச்சுக்கு எங்கே போவது? தன் மனைவி ஃப்ளோரன்ஸின் இடியாப்ப அச்சை எடுத்துப்போனார். அதற்காக அந்த அம்மாள் நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், கல்லூரிக் கொட்டகையில் ஒரு இரும்புக் குழாயின் வாயிலிருந்து, கறுப்பு எண்ணெய் போன இடத்தில் பளிங்கு மாதிரி ஒரு அவுன்ஸ் பெட்ரோல் சொட்டியது. டாக்டர் மோந்து பார்த்தார். "நான் நினைத்தபடியே வந்திருக்கிறது" என்றார்.

பிறகு, அவருக்குக் கடிதம் அடித்துக் கொடுக்க வந்திருந்த என் எதிரில்தான், ஒரு வார்த்தை கொடுத்தார். "காஸ்பர், சர்க்கார் துரை முன்னால் இது ஒரு முறை ஓடட்டும். ரிப்போர்ட்டில் உங்கள் பெயர் அசிஸ்டன்ட் கெமிஸ்ட் என்று வரும். வேலையும் அதுதான்."

காஸ்பர் அதை ஃப்ளோரன்ஸிடம் சொன்னார். ஃப்ளோரன்ஸ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்கு முழுவதற்கும் சொன்னாள். டாக்டர்களும் புரொபசர்களும் அப்படி ஒரு வரியைத் தினமும் எழுதிக் கிழித்துப் போடுவார்கள். பத்தொன்பது வருஷம் 'ஏய் அட்டெண்டர்' என்று கூப்பிட்டால் ஓடிவந்த மனிதருக்கு அதுதான் மோட்சம். ஒரு நாள் என்னிடம் வந்து, அது எப்படி இருக்கும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் டைப் அடித்துக் காட்டச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாந்தோம் கடற்கரை ஓரம், குண்டுக்குப் பயந்து யாரோ காலிசெய்த பங்களாவில் கம்பெனி தொடங்கியது. டாக்டர் செய்த முதல் காரியம் ரகசியம் காப்பது. ஜெர்மானியனும் ஜப்பானியனும் சாந்தோமில் வேலிக்குப் பின்னால் ஒளிந்து தன் வித்தையைத் திருடக் காத்திருக்கிறார்கள் என்று அவர் நம்பினார். ஆகவே எதற்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். நாமக்கட்டி நம்பர் ஒன்று. ஆசிட் நம்பர் இரண்டு. மூன்று எண்ணெய். மயிலாப்பூரிலிருந்து வண்டியில் வந்த நல்ல தண்ணீர் நம்பர் நான்கு. பீப்பாய்மேல் நாலு என்று பெயிண்டில் எழுதியிருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லக்கூடாது என்று வேதப் புத்தகத்தின்மேல் காஸ்பரிடம் சத்தியம் வாங்கினார். மண் கழுவ வந்த அமீனா பீக்குச் சொன்னது இவ்வளவுதான்: நாலாம் நம்பரில் கழுவு.

அமீனா பீ பட்டினப்பாக்கம் சந்தில் இருந்தவள், விதவை. நாலாம் நம்பரைக் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தாள். தேன் மாதிரி நல்ல தண்ணீர். அந்தக் கோடையில் அவள் சந்துக் குழாய் பதினைந்து நாளாகக் காற்றைத்தான் விட்டது. எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு: குழாய்த் தண்ணீர் குடிக்க, கிணற்று உப்புத் தண்ணீர் கழுவ. பங்களாக் கிணறோ கடலுக்குத் தங்கை. மண்ணை அதில் கழுவிவிட்டு, நாலாம் நம்பரைக் குடம் குடமாகச் சந்துக்குச் சுமந்தாள். எந்தச் சாந்தோம்காரனும் அதைத்தான் செய்திருப்பான். காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒரு சொட்டைத் தொட்டிருக்க மாட்டாள். சொன்னால் ஜப்பான்காரன் கேட்டுவிடுவானே!

காஸ்பர் கல்லூரி வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவார். துரை வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, பிழிந்து காயவைத்திருந்த மண்ணில் ஒரு துண்டை ஒடித்து நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

"ராஜு, உப்பு கீதுப்பா."

"இருந்தா இன்னா அண்ணே?"

"உப்பு ஏறிச்சின்னா மண்ணு செத்துப்பூடும். வேலை செய்யாது."

அமீனா பீயைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் ஒளிக்கவில்லை. "குடிக்கிற தண்ணில மண்ணு கழுவுவாங்களா அண்ணே? எங்க சந்துல புள்ளைங்க தவிச்சிக்கினு கீது. தப்புன்னா சொல்லுங்க, நான் நின்னுக்கிறேன்" என்றாள். காஸ்பர், "தப்பு இல்லம்மா. நீ போ" என்றார். இவருடைய மோட்சத்தைக் குடத்தில் மொண்டு ஊற்றிவிட்டு வந்தவளிடம் பேசுகிற பேச்சா அது!

டாக்டரின் அறைக்குள் அவர் போனபோது நானும் குறிப்பு நோட்டோடு உள்ளே இருந்தேன்.

"சார், மண்ணுல உப்பு ஏறிக்கீது. நல்ல தண்ணில புதுசா ஒரு ஈடு கழுவணும். ஒரு வாரம் தள்ளிப் போடுங்க சார்."

"உப்பு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்?"

"நாக்குல வச்சுப் பார்த்தேன் சார்."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ராஜநாயகம், எழுதிக்கொள்ளும். கருவி: காஸ்பரின் நாக்கு." நானும் சிரித்தேன். சம்பளம் வாங்குகிறவன் சிரிக்காமல் என்ன செய்வான்? அதன்பின் டாக்டர் ஒரு பிரசங்கம் செய்தார். இவ்வளவு உப்பு ஒன்றும் செய்யாதாம். அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லையாம். துரையிடம் தேதி மாற்றிக் கேட்பது லண்டன் பட்டத்துக்கு இழுக்காம். காஸ்பர் இன்னொரு தடவை வாயெடுத்தார். "வேலையைப் பாரும்" என்றார் டாக்டர்.

அந்த நாள் வந்தது. துரை வெள்ளை அரைக்கால் சட்டையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் விளக்கினார். அடுப்பு மூட்டி எண்ணெயை விட்டார்கள். குழாய் வாயிலிருந்து முதலில் புகை, பிறகு நாற்றம், பிறகு பழுப்பாக ஒரு கஷாயம். துரை மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கஷாயத்தை ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தார். நெருப்பு வைத்தார். கரியாகப் புகைந்து அணைந்தது. டாக்டருக்குக் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார். காஸ்பர் அடுப்புப் பக்கத்தில், சூடு உறைக்காதவர்போல நின்றுகொண்டிருந்தார்.

அன்றே டாக்டர் ரிப்போர்ட் சொன்னார், நான் அடித்தேன். 'விரிவான ஆராய்ச்சிக்குப் பின், இந்தியக் களிமண் எதுவும் இந்தக் காரியத்துக்கு உதவாது என்று நிரூபணமாகிறது. மண்ணைக் கழுவியதில் அட்டெண்டரின் கவனக்குறைவும் இருந்தது.' அசிஸ்டன்ட் கெமிஸ்ட் என்று வர வேண்டிய மனிதர் கடைசி வரியில் அட்டெண்டராக, அதுவும் குற்றவாளியாக, வந்தார். உப்பு ஒன்றும் செய்யாது என்றவர் கழுவியதில் குறை என்று எப்படி எழுதச் சொல்லலாம் என்று நான் கேட்கவில்லை. மூன்று பிரதி எடுத்தேன்.

"அமீனா பீ பேரைச் சொல்லியிருந்தா நீ தப்பிச்சிருப்பே அண்ணே" என்று வழியில் அவரைக் கடிந்துகொண்டேன்.

"அந்தம்மா வேலை பூடும். என் வேலை வந்துடுமா?" என்றார். எனக்குக் கோபம்தான் அதிகமாயிற்று.

அவர் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மிச்சமிருந்த நாமக்கட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் அடுப்புப் போட்டார். ஃப்ளோரன்ஸ் திட்டிக்கொண்டே குழாயடியில் வரிசையில் நின்று எட்டுக் குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள். "பத்தொம்போது வருஷமா ஊரான் பீங்கானைக் கழுவுனே. இதையாவது உனக்காகக் கழுவு" என்று குடத்தை ணங்கென்று வைத்தாள். மண்ணைத் தானே கழுவினார், தானே பிழிந்தார், தானே சுட்டார். பத்து நாளில் ஒரு பாட்டில் நிறையப் பெட்ரோல். தண்ணீர் மாதிரித் தெளிவு.

கோயிலுக்குப் போகிற சட்டையை மாட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் மோந்து பார்த்தார். சாஸரில் ஒரு சொட்டு விட்டுக் கொளுத்தினார். குப்பென்று பற்றி, கறையில்லாமல் எரிந்து தீர்ந்தது. காஸ்பர் அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருந்தார். அது டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ரிப்போர்ட் போய்விட்டதே, காஸ்பர்" என்றார் டாக்டர்.

"புதுசா ஒண்ணு எழுதலாமே சார்."

"முடியாது என்று நிரூபித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி இது முடியாது. புரிகிறதா?"

காஸ்பர் பாட்டிலுக்குக் கை நீட்டினார். "அது இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

மறுநாள் டாக்டரின் டிரைவர் காஸ்பர் வீட்டுக்கு வந்தான். டாக்டரின் கார், ரேஷன் பெட்ரோல் கூப்பன் தீர்ந்து ஒரு மாதமாக ஷெட்டில் நின்றிருந்தது. அந்தப் பாட்டிலை ஊற்றியதும் ஒரே தட்டில் கிளம்பிவிட்டதாம். ஐயா இன்னும் கேட்கிறார் என்றான். ஃப்ளோரன்ஸ் துடைப்பத்தை எடுத்தாள். காஸ்பர் அவளைத் தடுத்து, வரும் சனிக்கிழமை வா என்று டிரைவரை அனுப்பினார். ஏன் என்று பிறகு கேட்டேன். "ஓடுதுன்னு தெரியணும்ல ராஜு" என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது! யுத்தம் முடியும்வரை சனிக்கிழமை தவறாமல் டிரைவர் வந்துபோனான்.

ஒரு நாள் டாக்டர் அடையாறில் ஒரு கூட்டத்துக்குப் பேசப் போனார். குறிப்பெடுக்க என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். தலைப்பு: இந்தியக் களிமண் ஏன் உதவாது. கார் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஒரு இருமல்கூட இல்லை. சாந்தோம் நெடுஞ்சாலையில், கல்லூரிக்கு நடந்துகொண்டிருந்த காஸ்பர் ஹாரன் கேட்டு ஓரமாக ஒதுங்கினார். டாக்டரைப் பார்த்ததும் வழக்கம்போல ஒரு சலாம் வைத்தார். டாக்டர் தலையை அசைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்ல மனுஷன்தான். ஆனால் படிப்பு இல்லையே, என்ன செய்ய முடியும்?"

"ஆமாம் சார்" என்றேன்.