சீப்புக் கட்சியின் ஏஜென்ட் அக்கா

பெஞ்சின் வலது ஓரத்தைக் கைக்குட்டையால் துடைக்கிறார். இடது ஓரத்தையும் துடைக்கிறார்; அது எதிர்க்கட்சி ஏஜென்ட் உட்காரும் இடம். பிறகு சிறு தலையணை ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, முழங்கால்களை மேசைக்கு அடியில் திணிக்கிறார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சு. நாட்டின் தலையெழுத்தைக் கண்காணிக்க வருகிற பெரியவர்கள் முழங்காலைத் தாடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கண்காணிக்க முடியும்.

எங்கள் பகுதியில் அவருக்குப் பெயர் ஏஜென்ட் அக்கா. மற்ற நாளெல்லாம் தையற்கடை. நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் மட்டும் சீப்புச் சின்னத்தின் வாக்குச்சாவடி ஏஜென்ட். வருகிற ஆள் அசல் ஆள்தானா என்று பார்த்துச் சொல்வது வேலை. முகத்தை அவ்வளவாகப் பார்க்கமாட்டார். ஊரில் பாதிப் பேரின் தோள் அளவு அவர் விரலில் இருக்கிறது. இறந்துபோன தபால்காரரின் பெயரில் ஓட்டுப் போட வந்தவனை ஒருமுறை அப்படித்தான் பிடித்தார். "அவருக்கு எடது தோள் ஒரு விரக்கடை எறங்கி இருக்கும். செத்தப்புறம் சமமாயிடுச்சாப்பா?" என்று கேட்டார். வந்தவன் வந்த வழியே போனான். அவன் சீப்புக்குப் போட வந்தவன் என்பது பிறகுதான் தெரிந்தது. கட்சியில் கொஞ்ச காலம் அக்காவோடு யாரும் பேசவில்லை.

எங்கள் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுத நினைப்பவர்கள் அக்காவிடம் போகாமல் இருப்பது நல்லது. ஆண்டெல்லாம் சொல்லமாட்டார். "வயித்துவலித் தேர்தல்" என்பார். அண்ணனும் தம்பியும் எதிரெதிராக நின்றபோது, பெற்றவள் வயிற்றுவலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டு ஓட்டுப் போடாமல் தப்பித்த தேர்தல் அது. "பாலத் தேர்தல்" நாலைந்து உண்டு. எல்லாவற்றிலும் பூட்டுச் சின்னக்காரர்கள் அதே பாலத்தைக் கட்டித் தருவதாகச் சொல்லி ஜெயித்தார்கள். கடைசியில் பாலம் வந்தபோது, ஆறு இத்தனை நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வற்றிப் போயிருந்தது. சீப்பு ஜெயித்தது ஒரே தடவை, "மழைத் தேர்தலில்". பூட்டுக்குப் போடுகிறவர்கள் நனையப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஜெயித்தவர் அடுத்த மழைக்குள் பூட்டுக்கு மாறினார்.

"ஆள் போனா போறான். அவனுக்குத் தச்ச சட்டையை நெனச்சாத்தான் ஆறமாட்டேங்குது," என்பார் அக்கா. "மன்றத்துல எந்திரிச்சு நின்னு பேசறப்ப மேல ஏறிடக் கூடாதேன்னு நீளமா வச்சேன். எந்திரிக்கவே இல்லையாம்."

ஓட்டுப்பெட்டிக் காலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். பொழுது சாயும் வகுப்பறை, அரக்கு உருகும் வாசனை, பெட்டிக்கு முத்திரை வைக்கும்போது சுட்டுக்கொண்ட விரலை ஊதுவது. இப்போது இயந்திரம் ஒரு கூவல் கூவிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. "கோழிகூட முட்டை போட்டுட்டு இதைவிட நேரம் கத்தும்."

அந்தக் காலத்திலிருந்து போன தேர்தல்வரை பெஞ்சின் இடது ஓரத்தில் இருந்தவர் வாட்ச்கடை அண்ணன். பூட்டின் ஏஜென்ட்.

"என்ன தங்கச்சி, இந்தத் தடவையாவது டெபாசிட் தேறுமா?"

"தேறும்ணே. உங்க கடையில ஒரு வாட்ச் சரியா ஓடட்டும், அன்னிக்கே தேறும்."

நாள் இப்படித் தொடங்கும். சாயங்காலம்வரை ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தகராறு. ஆனால் அண்ணன் எழுந்து ஒன்றுக்குப் போனால், அவர் திரும்பி வரும்வரை பூட்டின் நலனையும் அக்காதான் பார்த்துக்கொள்வார். அக்கா எழுந்தால் சீப்பு அண்ணன் பொறுப்பில். எங்கள் சாவடியில் ஜனநாயகம் பிழைத்துக் கிடந்தது அப்படித்தான்.

இந்தத் தேர்தலில் இடது ஓரத்தில் வேறு ஆள். பக்கத்து ஊரிலிருந்து அனுப்பப்பட்டவர். போனிலிருந்து தலை தூக்கவில்லை. அண்ணனுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. போன தடவை சீப்பு தோற்றது ஒரு பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில். அதனால் காலையில் வேட்பாளரே அறைக்கு வந்து, வரிசையில் நின்ற எங்களுக்கும் கேட்கும்படி அக்காவின் காதில் ரகசியம் சொல்லிவிட்டுப் போனார். "சந்தேகம்னா கையைத் தூக்கித் தடுத்துடுங்கக்கா. ஒரு ஓட்டையும் விடாதீங்க. இப்ப விட்டா எப்பவும் இல்ல." அக்கா தலையாட்டினார். இனி ஒரு தேர்தலுக்கு அந்த முழங்கால்கள் அந்த மேசைக்குள் நுழையப் போவதில்லை. ஒரு நேர்மையான வெற்றியைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

எனக்கு முன்னால் நின்றவர் வாட்ச்கடை அண்ணன். இறக்கிவிட்ட மகன் வெளியே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். அதிகாரி பெயரைக் கேட்டார். அண்ணன் யோசித்து, எப்போதோ ஜெயித்து எப்போதோ செத்துப்போன ஓர் உறுப்பினரின் பெயரைச் சொன்னார். அடையாள அட்டையில் இருந்த முகத்துக்கு மீசை இருந்தது. எதிரே இருந்த முகத்துக்கு இல்லை.

"இவரை இங்க யாருக்காவது தெரியுமா?"

பூட்டின் புதிய ஏஜென்ட் உதட்டைப் பிதுக்கினார். அதிகாரி அக்காவைப் பார்த்தார். அக்காவின் இரண்டு கைகளும் மேசைமேல் கிடந்தன.

"தெரியும் சார். வாட்ச்கடைக்காரர். எங்களைத் தோக்கடிக்கறதுக்குன்னே பொறந்த மனுஷன். விடுங்க."

விரலில் மை வைத்து அனுப்பினார்கள். அண்ணன் அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். இயந்திரம் கூவவில்லை. எனக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். மறைப்புக்கு மேலே அண்ணனின் தலை மெதுவாக எழுந்தது; பெஞ்சின் இடது ஓரத்தைப் பார்த்து, அங்கே தங்காமல், வலது ஓரத்துக்குத் திரும்பியது.

"தங்கச்சி, நம்ம சின்னம் எது?"

சீப்பு என்று அக்கா வாய் திறக்கக்கூடத் தேவையில்லை. காதோரத்து முடியை ஒருமுறை கோதிக்கொண்டால் போதும்.

"பேசக் கூடாதும்மா," என்றார் அதிகாரி.

அக்கா பேசவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உயர்த்தி, அண்ணனுக்குத் தெரிகிற மாதிரி, காற்றில் ஒரு சாவியைத் திருகினார்.