உடுமலைக் குழுவிலிருந்து ஒரு பெயர்

பக்கத்து வீட்டில் புதிதாக மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போகிறோம், கொஞ்சம் தீனி போட்டுவிடுங்கள் என்று ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்று காலை மூடியைத் திறந்ததும் கருவாட்டுத் தூள் வாடை குப்பென்று வந்தது. மீனுக்கு மீனையே அரைத்துப் போடுகிறார்கள், அது கிடக்கட்டும். நான் டப்பாவும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பல வருஷம் அந்த வாடைக்குள்தான் வேலை பார்த்தேன். கோயமுத்தூருக்கு வெளியே, கருவாட்டுத் தூள் கலக்கும் ஒரு கோழித் தீவனக் கம்பெனியின் பரிசோதனைக் கூடம். படித்தது கால்நடை மருத்துவம். செய்தது தீவன மூட்டைக்குள் கையை விட்டு மாதிரி எடுப்பது. சாயங்கால பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்பும். ஆனால் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தன. எங்கள் கால்நடை மருத்துவர்களின் மெயில் குழுவை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது அதனால்தான். "மெயில்ல போட்டோவெல்லாம் சேத்தி அனுப்பறது நீங்கதான் அம்மணி, நீங்களே பாத்துக்கங்க" என்றார் உடுமலைப்பேட்டை டாக்டர் ஜமால். என் தகுதி அவ்வளவுதான்.

இப்போதைய பிள்ளைகளுக்கு மெயில் குழு என்றால் தெரியாது. ஒரு முகவரிக்கு எழுதினால் அதில் பெயர் இருக்கிற எல்லோருக்கும் போய்ச் சேரும். பொதுவாக ஒரு குழு, அதற்குக் கீழே கோவை, உடுமலை, ஈரோடு, காரமடை என்று வட்டாரத்துக்கு ஒன்று. யாராவது காரமடைத் தேர்ப் படத்தை அனுப்பி அத்தனை பேர் மெயில் பெட்டியையும் அடைத்துவிட்டால் வசவு எனக்கு வரும். சென்னிமலைக்காரர் ஒருவர் எந்த மெயிலுக்கும் 'நன்றி' என்று ஒரே சொல்லை எல்லோருக்கும் அனுப்புவார். அவருக்கு நன்றி சொல்ல இன்னொருவர் இருந்தார். தொல்லை தாங்காமல் யாராவது என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதுவார்கள். படித்த கையோடு எடுத்துவிடுவேன். காரணம் கேட்க மாட்டேன்.

குமரவேல் உடுமலைக் குழுவில் இருந்தான். கோழிப் பண்ணைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன், என்னைவிடச் சின்னவன். குழுவில் யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் அவனுடையதுதான், முழ நீளத்துக்கு வரும். ஒரு முறை அவன் சித்தப்பா பண்ணையில் அவன் தடுப்பு மருந்து கொடுத்த மறுநாளிலிருந்து கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. ஊரே அவனைக் கை காட்டியது. இது எதனால் இருக்கும் என்று குழுவில் எழுதிக் கேட்டான். பதில் இல்லை. படங்களோடு மறுபடி எழுதினான். சொந்தக்காரர் சண்டையாகிவிட்ட விஷயத்தில் வாயைக் கொடுக்க எல்லோருக்கும் பயம். பெரியவர்கள் யாராவது சொல்வார்கள் என்று நானும் இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் எனக்கு மட்டும் ஒரு மெயில் வந்தது. "வணக்கங்க்கா. எல்லாக் குழுவுலிருந்தும் என் பேரை எடுத்துருங்க. என்னால யாருக்காச்சும் தொந்தரவு இருந்திருந்தா மன்னிச்சுக்கங்க. ஜமாலண்ணனோட மைக்ரோஸ்கோப்பை பஸ்ஸுல குடுத்து உட்டிருக்கேன்."

வழக்கம்போலப் பெயரைத் தேடிப் பிடித்துவிட்டேன். நீக்கு என்ற பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. மன்னிப்பும் மைக்ரோஸ்கோப்பும் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. அவன் போனுக்கு அடித்தேன். அணைந்திருந்தது.

ஜமாலைக் கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்து அவர் காதில் வைத்தார்கள். "கை மாட்டுக்குள்ள இருக்குதுங்க அம்மணி, கன்னு திரும்பிக் கிடக்குது. சுருக்கா சொல்லுங்க."

சொன்னேன். பின்னால் மாடு முனகிக்கொண்டிருந்தது.

"அந்த மைக்ரோஸ்கோப்பை அவனுக்கே வெச்சுக்கச் சொல்லித்தானுங்க குடுத்தேன்" என்றார். குரல் மாறிவிட்டது. "இந்தக் கன்னை எடுத்துபோட்டு ஓடறேன். அதுக்குள்ள மத்தவங்களை எழுப்புங்க."

உடுமலைக் குழுவுக்கு எழுதினேன்: 'குமரவேலை யாராவது பார்த்தீர்களா? உடனே போய்த் தேடுங்கள்.' அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றேன். ஒன்றும் வரவில்லை. எல்லோரும் பண்ணையிலும் தொழுவத்திலும் இருக்கிற நேரம். உறுப்பினர் நம்பர்களை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். அவசரத்தில் தப்பான நம்பருக்குப் போய், யாரோ ஒரு அம்மாவிடம் "குமரவேல் இருக்கானுங்களா?" என்று கேட்டு அழுதேன். அந்த அம்மா போனை வைக்காமல் "அழுகாத கண்ணு, கெடைச்சுருவான்" என்றார். நடுவில் பொதுக் குழுவில் வேறு ஏதோ மெயிலுக்குச் சென்னிமலைக்காரரின் 'நன்றி' ஒன்று வந்து விழுந்தது. மேசையை ஓங்கி அறைந்தேன்.

பிறகு மெல்ல மெல்லப் போனில் பதில்கள் வந்தன. பஸ் ஸ்டாண்டுல இல்லைங்க. ஊடு பூட்டிக் கிடக்குதுங்க. அமராவதி டேம் ரோட்டுல பாத்துட்டு வாரேன். நான் ஈரோட்டுல மாட்டிக்கிட்டேன், மச்சானை அனுப்பியிருக்கேன். ஒரு கேள்விக்கும் வாய் திறக்காதவர்கள் வெயிலில் பைக்கை எடுத்துக்கொண்டு நாலா பக்கமும் போயிருந்தார்கள். 'இல்லைங்க' என்று ஒவ்வொன்றாக வர வர, பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த நம்பரைப் போட்டேன்.

ஜமால் கூப்பிட்டபோது மத்தியானம் ஆகியிருந்தது.

"இருக்கறானுங்க" என்றார் முதலில். அப்புறம்தான் மற்றதெல்லாம். சித்தப்பாவின் காலிக் கொட்டகைக்குள் உள்பக்கம் தாழ் போட்டு உட்கார்ந்திருந்தானாம். ஆள் வைத்துக் கதவை உடைத்திருக்கிறார்கள். "பேச மாட்டீங்கறான். அழுதுட்டேதான் இருக்கறான். நான் கூட்டிட்டுப் போறேனுங்க." அவன் பக்கத்தில் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வைக்கும்போது, "பேரை எடுத்துபோட்டீங்களா அம்மணி?" என்றார்.

"இல்லீங்க."

"எடுக்காதீங்க."

கொஞ்ச நாள் ஜமால் வீட்டிலேயே அவனை வைத்திருந்தார்கள். குழுக்காரர்கள் முறை போட்டுக்கொண்டு போய் அவனோடு உட்கார்ந்தார்கள். கேட்டபோது வராத பதில்கள் அப்போது பக்கம் பக்கமாக வந்தன. கோழிகள் எதனால் செத்தன என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

குமரவேல் அதற்குப் பிறகு வைத்தியத்துக்குத் திரும்பவில்லை. ஊருக்கு வெளியே தென்னங்கன்றுப் பண்ணை போட்டான். வெகு நாள் கழித்து, பேரை எடுத்துருங்க்கா என்று மறுபடியும் எழுதினான். பதறிப் போய்க் கூப்பிட்டேன். "மெயிலு வந்துட்டே இருக்குதுங்க்கா, தொல்லை தாங்கல. வியாபாரத்துக்கு ஆள் வந்திருக்காங்க, வெக்கட்டுங்களா?" என்று கத்தினான். நான் குழு நடத்திய காலத்தில் அவ்வளவு சந்தோஷமாக எடுத்த பெயர் வேறில்லை.

அப்புறம் அந்த இலவச மெயில் குழுச் சேவையையே மூடிவிட்டார்கள். வட்டாரங்கள் கரைந்து போய், மாநிலத்துக்கே ஒரு வாட்ஸ்அப் குழு வந்தது. போன வருஷம் ஜமால் இறந்த செய்தி அதில்தான் வந்தது. கீழே கூப்பிய கைகள் வரிசையாக விழுந்தன. அடுத்ததாக யாரோ ஊசி மருந்து விளம்பரம் போட்டார்.

குமரவேல் எந்தக் குழுவிலும் இல்லை. நானே பஸ் ஏறிப் போனேன். கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவனிடம் சொன்னேன். அவன் குழாயை அப்படியே கீழே போட்டான்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லலீங்களேக்கா" என்றான்.

யாரிடம் போய்க் கேட்பது? உடுமலைக் குழு என்று சொல்ல, அந்தத் தென்னங்கன்றுகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம்.