துடைக்காத நாற்காலி

ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடிக்குத் துறைமுகத்திலிருந்து தினமும் கரித்தூள் வரும். கப்பலில் வந்த நிலக்கரியில் எங்களுக்கும் கொஞ்சம் பங்கு வைக்காமல் காற்று விடாது. அதனால் எங்கள் தெருவில் யாரும் துடைக்காமல் எதன் மேலும் உட்கார மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள்தான் சட்டென்று உட்கார்ந்துவிட்டுப் பின்பக்கம் கறுத்து எழுந்திருப்பார்கள்.

இந்த அறிவைச் சித்தியின் கல்யாணத்தைக் கெடுக்கப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவின் தங்கை அவள், எங்களோடுதான் இருந்தாள். அம்மா அடிக்க வந்தால் ஒளிய அவள் முதுகு, மாங்காய் பறிக்க அவள் தோள். அவளைப் பெண் பார்க்க எண்ணூரிலிருந்து ஒருவர் வருகிறார் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீடு சின்னது. மாடியில்தான் நாற்காலி போட்டார்கள். வாடகைக்கு எடுத்த காபிக் கலர் பிளாஸ்டிக் நாற்காலிகள். தூள் விழுந்தாலும் தெரியாது.

"நல்லா தொடச்சி வையிடி, அவங்க வந்துகினே கீறாங்க" என்று அம்மா துணியைக் கொடுத்தாள். நான் துணியை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட்டில் வந்தார். கடவுள் என் கட்சி என்று நினைத்தேன். அவரோ உட்காருமுன் நாற்காலியை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, கையைத் திருப்பிப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து முதலில் தன் அம்மாவின் நாற்காலியைத் துடைத்தார், அப்புறம் தன்னுடையதை.

"எங்காண்ட பவர் ஹவுஸ் சாம்பலு வெள்ளையா வுழும், இங்க கறுப்பா வுழுது. அவ்ளோதான்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இன்னா பாப்பா, துணிய கைல வெச்சிகினு சும்மா நிக்கிற?"

காபித் தட்டோடு வந்த சித்தி பக்கென்று சிரித்துவிட்டாள். கதை முடிந்தது, கத்திரிக்காய் காய்த்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. தை மாதம் கல்யாணம். மண்டபத்தில் நான் யாரோடும் பேசவில்லை. பாயசம் மட்டும் இரண்டு தடவை வாங்கினேன்.

பிறகு ஒருநாள் என்னை எண்ணூருக்கு அழைத்துப் போனார்கள். சித்தி வாசலில் கிடந்த வெள்ளை நாற்காலியைக் காட்டி, "குந்துடி" என்றாள். இருந்த கோபத்தில் துடைக்கத் தோன்றவில்லை. எழுந்தபோது என் கறுப்புப் பாவாடையின் பின்பக்கம் முழுக்கச் சாம்பல்.

சித்தி, தான் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்த நாற்காலியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அன்னிக்கு நீ இன்னா பண்ணேன்னு எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா?"

கல்யாணத்தோடு என் சித்தி போய்விட்டாள் என்றல்லவா நினைத்திருந்தேன்! இவள் அவளேதான். சந்தோஷத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே போய், அவளுடைய கருநீலப் புதுப் புடவை மடியில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டேன்.